வால் எங்கே

தினம் பார்ப்பதில் ஒன்றை வரைந்து வாருங்கள் என்றாள்
முதல் வாரம்.
பூபாலன் கப்பல் வரைந்தார்.
சியாண்டா தன் ஷூவை வரைந்தான், அடிப்பக்கத்தை.
நான் குரங்கு.
சாட்ஸ்வர்த் ஏழாம் யூனிட்டில்
வேறு எதைத்தான் தினம் பார்ப்பது?
ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டு
ரொட்டியைப் பாக்கெட்டோடு இழுத்துப்போய்
கூரைமேல் உட்கார்ந்து
என்னைப் பார்த்தபடியே பிரிக்கும் அந்தக் கருமுகம்.

நோகுதூலாவுக்கு வயதே இருபத்தாறு.
நான் காலர் தைத்தது இருபத்திரண்டு வருஷம்.
மணிக்கு நாற்பது. கட்டுக்கு ஒரு சீட்டு.
சீட்டு தொலைந்தால் அந்தக் கட்டு தைக்காத கட்டு.
ஃபேக்டரியைப் பூட்டிய அன்று
கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.
அது அவர்களுடையதா என்னுடையதா என்று
இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

வளையத்தில் துணியை இறுக்கித்
தட்டிப் பார்க்கச் சொல்கிறாள்,
உடுக்கைபோல் ஒலிக்க வேண்டுமாம்.
சங்கிலித் தையல் அன்றைக்கே வந்துவிட்டது.
பிரெஞ்சு முடிச்சுதான் வரவில்லை.
ஊசியில் நூல் இரண்டு சுற்று,
ஏறிய துளைக்குப் பக்கத்தில் இறங்கு,
அதே துளையில் மட்டும் இறங்காதே.
அதே துளையில் இறங்கினேன்.
முடிச்சு மொத்தமும் பின்பக்கம் போய்விட்டது,
பந்தியில் இடமில்லாத விருந்தாளி மாதிரி.
முப்பத்தொரு முறை. எண்ணினேன்.
அவசரப்படுகிறீர்கள் என்றாள்.
இல்லை அம்மா,
இந்தக் கைக்குத் தெரிந்த நடையே இதுதான்.

இரண்டாம் அசைன்மெண்ட், ரிப்பீட்.
ஒரு சதுரம் வரைய வேண்டும்.
எத்தனை முறை அருகருகே அடுக்கினாலும்
சேர்ந்த இடம் தெரியக்கூடாது.
என் குரங்கு அம்சமாக உட்கார்ந்திருந்தது.
நூற்றுக்கு நாற்பத்தெட்டு.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி:
வால் எங்கே போனது?

வலது ஓரத்தில் வெளியேறிய வால்
இடது ஓரத்தில் உள்ளே வந்திருக்க வேண்டும்.
நான் அனுப்பி வைத்ததோடு சரி.
காலரும் அப்படித்தான், கட்டாகக் கட்டி
அடுத்த மேசைக்குத் தள்ளினால்
எந்தக் கழுத்துக்குப் போனதோ, யார் கண்டது.

அன்றிரவு கரண்ட் இல்லை.
சமையல் மேசையில் சார்ஜ் விளக்கு.
படத்தை நடுவே வெட்டச் சொல்லியிருந்தாள்,
நெடுக ஒன்று, குறுக்கே ஒன்று.
நாலு துண்டையும் இடம் மாற்றி ஒட்ட வேண்டும்,
இடது வலதாக, மேல் கீழாக.
கத்தரிக்கோல் குரங்கின் மூக்கு வழியே போனது.
கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டேன்.
ஒட்டி முடித்தபோது மூலைக்கொரு காதும் கையுமாகச்
சிதறிக் கிடந்தது ஐயா.
ஓரத்தில் இருந்த பாதி வால் நடுவுக்கு வந்து
மேலே போக வழியில்லாமல் நின்றது.
அதைச் சுற்றி வெறும் தாள்.
இத்தனை வெற்றிடம் விளிம்பில் ஒளிந்திருந்ததை
வரையும்போது நான் பார்க்கவே இல்லை.

மீதி வாலை வரைந்தேன்.
இன்னும் இடம் இருந்தது.
கடித்த ரொட்டி ஒன்றை வைத்தேன்,
எங்கள் வீட்டு ரொட்டிதான்.

துணியில் ஏற்றும்போது
ரொட்டியின் ஓரத்துக்குச் சங்கிலித் தையல்.
சிந்திய தூளுக்கு முடிச்சு.
பெரிசும் சிறிசுமாக, சில தொங்கலாக,
ரொட்டித் தூள் வேறு எப்படி இருக்கும்?
நாலைந்து பின்பக்கம் போயின.
அவை எறும்புக்கு.

நோகுதூலா முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பினாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
பன்னிரண்டு நகல் எடுத்துச் சுவரில் ஒட்டினாள்.
பன்னிரண்டு குரங்குகள்,
ஒன்றின் வால் அடுத்ததன் சதுரத்தில்.
சியாண்டா விரலால் தடவித் தடவித் தேடினான்.
இங்கே, என்றான் கடைசியில்.
மயிரிழை விலகல்.
எனக்குத் தெரியும், நானும் பார்த்திருந்தேன்.
எழுபத்தொன்று.

அடுத்த வாரம் சாயம்.
பழைய சட்டி ஒன்று கொண்டு வர வேண்டும்,
பிறகு அதில் சமைக்க முடியாது.
பருப்புச் சட்டியா பால் சட்டியா என்று
ஹிகின்சன் சாலை முழுக்க
பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.